ஐந்து புள்ளிக் கம்பி: ஸ்வீடனில் பொறியியல் இயற்பியலும் கணிதமும் படிக்கப் போகிறவர்களுக்கு

சித்தி மகன் ஒருவன் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறான். போன மாதம் போன் செய்து, "அக்கா, நானும் உன்னை மாதிரி ஸ்வீடன் போகணும். ஆன்லைன்ல என்ன கோர்ஸ் முடிச்சு வைக்கட்டும்?" என்று கேட்டான்.

"கோர்ஸ் கிடக்கட்டும். எக்ஸ் ஸ்கொயருக்கு ஃபூரியர் தொடர் போடுவியா?"

"அது எம்-3 கணக்குப் பேப்பர்ல 16 மார்க் கேள்வி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவேன்."

"சரி, அதுல முதல்ல ஏ-நாட் கண்டுபிடிக்கிறியே, அது என்னது?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

அவனைக் குறை சொல்லவில்லை. நானும் அதே நிலையில்தான் போய் இறங்கினேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. லோக்கல் ஆதர் புத்தகம், பழைய வினாத்தாள், யூனிட்டுக்கு இரண்டு கணக்கு. எம்-3ல் தொண்ணூற்றுச் சொச்சம் வாங்கினேன். ஃபூரியர் தொடர் ஒரு சார்பைச் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாகப் பிரிக்கிறது. அதில் ஏ-நாட்டில் பாதி என்பது அந்தச் சார்பின் சராசரி உயரம், அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரிந்தது இருபத்தைந்து வயதில், ஓசூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விமானம் ஏறிய பிறகு. அவனுக்குப் போனில் சொன்னதையெல்லாம் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் யார்

இதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஸ்வீடனில் 'டெக்னிஸ்க் ஃபிசீக்' என்று ஒரு ஐந்து வருடப் பொறியியல் படிப்பு உண்டு. தமிழில் பொறியியல் இயற்பியல் எனலாம். முதல் மூன்று வருடம் ஸ்வீடிஷ் மொழியில் நடக்கும். கடைசி இரண்டு வருடம் ஆங்கிலத்தில் முதுகலை. நாம் வெளிநாட்டிலிருந்து போய்ச் சேருவது அந்தக் கடைசி இரண்டு வருடத்தில்தான். அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ரயிலில் நடுவில் ஏறுகிறோம்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பையனோ பெண்ணோ அந்த மூன்று வருடத்தில் நேரியல் இயற்கணிதம், பல மாறி நுண்கணிதம், வெக்டர் பகுப்பாய்வு, சிக்கலெண் சார்புகள், ஃபூரியர், மின்காந்தவியல், குவாண்டம் எல்லாவற்றையும் இயற்பியலும் கணிதமும் பின்னிப் பின்னிப் படித்திருப்பார்கள். பேராசிரியர் கரும்பலகையில் ஓர் அணியை (மேட்ரிக்ஸ்) எழுதிவிட்டு, "இது சமச்சீர், அதனால்..." என்று அடுத்த வரிக்குத் தாவுவார். அந்த 'அதனால்'-க்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு முதல் மூன்று வாரம் தெரியவில்லை. அவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பாடத்தை முன்பே படித்தவர்கள், அவ்வளவுதான்.

எங்கே படிக்கலாம்? ஸ்டாக்ஹோமில் கே.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலை, 1827-இல் தொடங்கியது. கோத்தன்பர்கில் சால்மர்ஸ், 1829. வில்லியம் சால்மர்ஸ் என்பவர் விட்டுப்போன சொத்தில் உருவானது. அவர் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநராக இருந்தவர். நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் வேறு கம்பெனி ஞாபகம் வரும். இது ஸ்வீடன்காரர்களுடையது, சீன வணிகம் செய்தது. அப்புறம் லுண்ட், உப்சாலா. கே.டி.ஹெச்.-இல் பொறியியல் இயற்பியல் என்றே ஒரு முதுகலை உண்டு. கணிதப் பக்கம் சாய்ந்தவர்களுக்குப் பயன்பாட்டுக் கணக்கீட்டுக் கணிதம் இருக்கிறது. சால்மர்ஸில் பொறியியல் கணிதமும் கணக்கீட்டு அறிவியலும் சேர்ந்த ஒரு படிப்பு. நான் எதில் படித்தேன் என்று சொல்லப்போவதில்லை. இனி சொல்லப்போகிற கூத்தெல்லாம் என்னுடையது, கல்லூரியினுடையது இல்லை.

விண்ணப்பம், சுருக்கமாக

நாட்டுக்கே ஒரே இணையவாசல்தான். ஒரு சுற்றில் நான்கு முதுகலைப் படிப்புகள் வரை போடலாம், கட்டணம் 900 குரோனர் (ஸ்வீடன் நாணயம்). அடுத்த ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் வகுப்புக்கு ஜனவரி நடுவிலேயே கதவு மூடிவிடும். நம் ஊரில் ஏழாவது செமஸ்டர் முடிந்து மூச்சு விடும் நேரம் அது, கவனம். வரிசை முக்கியம்: முதலில் போட்டது கிடைத்துவிட்டால் கீழே இருப்பவை தானாகக் கழன்றுவிடும். ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று போடுவதைக் கடைசியில் போடுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். 6.5, எந்தப் பிரிவிலும் 5.5-க்குக் குறையக் கூடாது. கல்விக் கட்டணம் வருடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் குரோனரோ அதற்கு மேலோ வரும். வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, பல்கலைகளின் சொந்த உதவித்தொகைகளுக்கும் தனியாக எழுதுங்கள்.

ஒன்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நம் மார்க் ஷீட்டில் கணிதப் பாடங்களின் பெயரைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. 'கணிதம்-2' என்றால் அது என்னவாகவும் இருக்கலாம். சேர்க்கை விதியில் இத்தனை கிரெடிட் கணிதம் வேண்டும் என்று இருக்கும். பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாக எடுத்து, எந்த யூனிட் நேரியல் இயற்கணிதம், எந்த யூனிட் வகைக்கெழுச் சமன்பாடு, எத்தனை மணி நேரம் என்று ஒரே தாளில் நீங்களே அட்டவணை போட்டு வையுங்கள். அதை எழுதும்போதே உங்கள் ஓட்டைகள் எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எனக்குக் குவாண்டம் இயற்பியல் என்ற கட்டத்தில் முதல் வருட இயற்பியல் பாடத்தின் ஒரு யூனிட் மட்டும் தனியாக நின்றது.

போவதற்கு முன் ஆறு மாதம்

நேரியல் இயற்கணிதத்துக்குப் பாதிக் காலம் கொடுங்கள். வேறு எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். குவாண்டம், அதிர்வு, எண்முறை, புள்ளியியல், எல்லாமே அந்த வீட்டுக்குள்தான் குடியிருக்கின்றன. மூன்றுக்கு மூன்று அணிக்கு ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கிற கணக்கு நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை நிறுத்திவிட்டு இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றை எடுங்கள். மேல் வரிசை 2, 1. கீழ் வரிசை 1, 2. கட்டம் போட்ட தாளில் ஓர் அம்பு வரையுங்கள். அணியால் பெருக்கினால் அம்பு எங்கே போகிறது என்று வரையுங்கள். பத்து அம்புக்குச் செய்யுங்கள். இரண்டு திசையில் மட்டும் அம்பு திரும்பாது: (1, 1) திசையில் மூன்று மடங்கு நீளும், (1, −1) திசையில் அப்படியே இருக்கும். அந்த 3-ம் 1-ம்தான் ஐகன் மதிப்பு. நாலு வருடம் கல்லூரியில் இதை யாரும் வரையச் சொல்லவில்லை, நானும் வரைந்து பார்க்கவில்லை.

மீதிக் காலத்தில் வெக்டர் நுண்கணிதமும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும். பைத்தானில் நூறு வரி எழுதிப் பிழை திருத்தும் அளவுக்குப் பழக்கம். மெக்கானிக்கல், சிவில்காரர்கள் குவாண்டம் அறிமுகம் ஒன்றைப் படித்துவிடுங்கள். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் லக்ராஞ்சியன் இயக்கவியலை. வீடியோ பார்ப்பது படிப்பில் சேராது. பேனா நகர வேண்டும்.

'நான் நான் நான்'

போய்ச் சேர்ந்தாயிற்று. 10:15-க்குத் தொடங்கும் வகுப்பைப் பல இடங்களில் 10 என்றுதான் அட்டவணையில் போடுவார்கள். அந்தக் கால் மணி நேரம் பழைய பல்கலைக்கழக மரபு. பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'சார்' என்று நாக்கு நுனி வரை வந்து நிற்கும். ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

ஒரு கோர்ஸ் பெரும்பாலும் 7.5 கிரெடிட். முழு வருடம் 60 கிரெடிட், வாரம் 40 மணி நேரமாக 40 வாரம் என்பது அவர்கள் கணக்கு. வகுத்துப் பாருங்கள், ஒரு கோர்ஸுக்கு 200 மணி நேரம். வகுப்பில் உட்காருவது அதில் சின்னப் பங்குதான். மீதி உங்கள் பொறுப்பு. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் என்று யாரும் துரத்த மாட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இந்தச் சுதந்திரத்தில்தான். காலண்டரில் அந்த மணி நேரத்தை வேலை நேரம் மாதிரி அடைத்து வையுங்கள்.

எனக்கு வந்த முதல் பெரிய அடி வெப்பச் சமன்பாட்டில். ஒரு செம்புக் கம்பி, நடுவில் சூடு, இரண்டு முனையும் பூஜ்யத்தில். நேரம் ஆக ஆக வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று நிரல் எழுதச் சொன்னார்கள். கம்பியை 200 புள்ளியாக வெட்டி, ஜோராக எழுதி ஓட்டினேன். திரை முழுக்க 'நான் நான் நான் நான்' என்று வந்தது. எண் அல்லாத ஒன்று ('நாட் எ நம்பர்') வந்துவிட்டால் கணினி போடும் சுருக்கெழுத்து அது. தப்பு செய்தது யார் என்று கேட்டதற்கு அது தமிழில் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை. 'ரேக்னஸ்துகா' என்று ஒன்று அங்கே நடக்கும். கணக்குக் குடிசை என்று மொழிபெயர்க்கலாம். எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள், ஓர் ஆராய்ச்சி மாணவர் சுற்றி வருவார். அவரிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "200 புள்ளி எதுக்கு? அஞ்சு வெச்சுக்கோ. கையால போடு" என்று ஒரு தாளை நீட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது.

நீங்களும் இப்போதே போட்டுப் பாருங்கள். விதி இதுதான்:

புதிய வெப்பம் = பழையது + க × (இடப்பக்கம் + வலப்பக்கம் − 2 × பழையது)

'க' என்பது செம்பின் வெப்பப் பரவல் எண்ணை நேர அடியால் (ஒரு தடவைக்கு நகரும் நேரம்) பெருக்கி, இட அடியின் (புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம்) வர்க்கத்தால் வகுத்தது. செம்புக்குப் பரவல் எண் வினாடிக்கு ஏறத்தாழ 1.1 சதுர செ.மீ. புள்ளிகளுக்கு இடையே ஒரு செ.மீ., நேர அடி ஒரு வினாடி என்றால் க கிட்டத்தட்ட 1. சரி, 1 என்றே வைப்போம். தொடக்கம்:

0, 0, 100, 0, 0

முனைகள் இரண்டும் எப்போதும் 0. முதல் அடி:

0, 100, −100, 100, 0

கொதித்துக்கொண்டிருந்த நடு இடம் ஒரே வினாடியில் மைனஸ் நூறு! அடுத்தது 0, −200, 300, −200, 0. அதற்கடுத்தது 0, 500, −700, 500, 0. நிரலில் பிழையே இல்லை. கணக்கே வெடிக்கிறது. இப்போது நேர அடியைக் கால்வாசியாகக் குறைத்து, க-வை 1/4 ஆக்கிப் பாருங்கள்: 0, 25, 50, 25, 0. அடுத்தது 0, 25, 37.5, 25, 0. சாதுவாகப் பரவுகிறது. க அரைக்கு மேல் போகக் கூடாது என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரியை நான் படித்திருந்தேன், அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். கம்பியை நெருக்கமாக வெட்டினால் நேரத்தையும் வர்க்க விகிதத்தில் நெருக்கமாக வெட்ட வேண்டும் என்பது அதன் அர்த்தம். ஒரு செ.மீ.க்கு 0.45 வினாடி வரை தாங்கும். அரை செ.மீ. ஆக்கினால் 0.11-தான். நான் 200 புள்ளி வெட்டிவிட்டு ஒரு வினாடியில் நடக்கப் பார்த்தேன்.

அதே வர்க்கம்தான் சமையலறையிலும் இருக்கிறது. உருளைக்கிழங்கைப் பாதி அளவாக நறுக்கினால் பாதி நேரத்தில் வேகும் என்று தோன்றும். வெப்பம் உள்ளே போகும் நேரம் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஏறக்குறைய கால்வாசி நேரம் போதும். அவசரமான நாட்களில் அம்மா ஏன் அவ்வளவு பொடியாக நறுக்குவார் என்பது எனக்கு ஸ்வீடன் வரை போய் உட்கார்ந்துதான் விளங்கியது.

அன்றிலிருந்து படிக்கும் முறையே மாறிவிட்டது. எது புரியாவிட்டாலும் கையால் போடும் அளவுக்குச் சின்னதாக்குவேன். முடிவிலாப் பரிமாண வெளி என்றால் முதலில் இரண்டு பரிமாணம். ஒரு தொகையீடு என்றால் மூன்று பட்டையின் கூட்டல். பல கோடி அணுக்கள் என்றால் இரண்டு அணு.

இது குழந்தைத்தனம் என்று கொஞ்ச நாள் மறைத்து வைத்திருந்தேன். அப்புறம் ஃப்ரெட்ஹோமைப் பற்றிப் படித்தேன். ஈவார் ஃப்ரெட்ஹோம் ஸ்வீடன் நாட்டுக் கணிதவியலாளர்தான். தொகையீட்டுச் சமன்பாடுகளுக்கு 1903-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடத்தில் வருகிறது. அவருக்கு வழி காட்டிய யோசனை என்ன தெரியுமா? தொகையீட்டைச் சில புள்ளிகளாக வெட்டி, சாதாரண நேரியல் சமன்பாட்டுத் தொகுதியாக்கி, அதைத் தீர்த்து, அப்புறம் புள்ளிகளின் எண்ணிக்கையை முடிவில்லாமல் கூட்டிப் பார்ப்பது. சின்னதாக்கித்தான் பெரியதைப் பிடித்தார். பின்னாளில் ஒரு காப்பீட்டு நிறுவனத்திலும் கணக்கு பார்த்தார் அந்த மனிதர்.

அவர் பெயரில் இருக்கிற மாற்றுத் தேற்றம் முதுகலையில் எல்லோரையும் மிரட்டும். அதையும் இரண்டு வரியில் போடலாம். x-க்கும் y-க்கும் பதில் நமக்கு அ, ஆ. அ + ஆ = 2, 2அ + 2ஆ = 4 என்றால் எண்ணற்ற விடைகள். வலப்பக்க 4-ஐ 5 ஆக்குங்கள், விடையே இல்லை. இடப்பக்கம் மாறவில்லை, எனவே விடை உண்டா என்பதை வலப்பக்கம்தான் தீர்மானிக்கிறது. முதல் வரியை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் இடப்பக்கம் பூஜ்யம். வலப்பக்கமும் பூஜ்யமானால் பிழைத்தோம். இதையே கம்பிக்குக் கொண்டு போங்கள். இரண்டு முனையையும் வெப்பம் தப்பாதபடி அடைத்துவிட்டு உள்ளே சூடு கொடுத்துக்கொண்டே இருந்தால் நிலையான வெப்பநிலை வருமா? வராது, ஏறிக்கொண்டே போகும். உள்ளே போடுவதும் எடுப்பதும் கூட்டினால் பூஜ்யமாக இருந்தால்தான் நிலைக்கு வரும். தேற்றம் சொல்வதும் அதைத்தான்.

தேர்வறையில் கடலைமிட்டாய்

தேர்வை அங்கே டென்டா என்பார்கள். நான்கைந்து மணி நேரம் நடக்கும். முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், மறந்தால் சிக்கல். தாளில் உங்கள் பெயர் இருக்காது, ஒரு குறியீடு மட்டும். கேள்விகள் குறைவாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சில தேர்வுகளுக்குப் 'பீட்டா' என்று கூப்பிடும் தடித்த கணிதக் கையேட்டை எடுத்துப்போக விடுவார்கள். சூத்திரம் கையில் இருக்கும்போது மனப்பாடத்துக்கு மதிப்பே இல்லை. கையேட்டை முதல் வாரத்திலிருந்தே பழகுங்கள். எந்தப் பக்கத்தில் எது என்று விரல் அறிய வேண்டும்.

சாப்பிட எடுத்துப்போகலாம். அவர்கள் வாழைப்பழம், ரொட்டி, ஃபிளாஸ்க்கில் காபி என்று பிக்னிக் மாதிரி வருவார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுபோன கடலைமிட்டாயைக் கடித்தேன். அந்த அமைதியில் அது பட்டாசு மாதிரி கேட்டது. நான்கு வரிசை திரும்பிப் பார்த்தது. மெதுவான பண்டமாக எடுத்துப்போங்கள்.

முதல் தேர்வில் தோற்றேன். பழைய கேள்விகளைப் பதினைந்து வருடத்துக்குத் தேடி எடுத்து, விடைகளைப் படித்துப் போயிருந்தேன், ஊர்ப் பழக்கம். பழைய தாள் தேவைதான். விடையை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வியோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினால்தான் அதற்குப் பயன். மறுதேர்வு உண்டு. எழுதினேன், தேறினேன். அரியர் என்று நம் ஊரில் முகத்தைத் தொங்கப்போடுகிற மாதிரி அங்கே யாரும் போடுவதில்லை.

கடைசி அரை வருடம் ஆய்வேடு, 30 கிரெடிட். ஆய்வகத்திலும் செய்யலாம், நிறுவனத்திலும் செய்யலாம். லுண்டில் 2016-இல் திறந்த மேக்ஸ் ஃபோர் என்ற பெரிய எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் மாதிரியான இடங்கள் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. வழிகாட்டியை முந்தின செமஸ்டரிலேயே போய்ப் பாருங்கள். மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்காமல் காபி இடைவேளையில் நேரில் பேசுவது எனக்கு வேலை செய்தது.

சித்தி மகனிடம் கம்பிக் கணக்கை மட்டும் கொடுத்திருந்தேன். க-வை 1, 1/4 இரண்டுக்கும் போட்டுவிட்டு, நேற்று அவனாகவே 1/2-க்கும் போட்டுத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். நடுப்புள்ளி மட்டும் சிவப்பு மையில்: 100, 0, 50, 0, 25. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா, வெடிக்கல. ஆனா ஒரு தடவை சுடுது, மறு தடவை ஜில்லுன்னு ஆகுது. அரை வரைக்கும் போகலாம்னுதானே சொன்ன? நிஜக் கம்பி இப்படியா செய்யும்?"

இன்னும் பதில் போடவில்லை. 1/6-க்குப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.